முரசுக்கு எழுந்த நெடுங்கோடன் பொருட்டு

பெருநீர் சூழ்ந்த வெண்மருத நாட்டின் அரியணை நிலைபெறுக. கழிக்கூற்றத்தின் தலைவரும், ஏழு அணைகளின் காவலரும், வெள்ளம் புகுந்த ஆண்டிலும் ஓர் உலை அவியாமல் காத்தவருமான திருமிகு எயினங்குமரனார் திருமுன்னர், அரசியாரின் அறப்படித் துணையமைச்சனும், கட்டிய தலைப்பாகையின் அளவுக்கு உள்ளே சரக்கு இல்லாதவனுமாகிய பெருங்கண்ணன் வணங்கி விடுக்கும் ஓலை. தாங்கள் முகாமிட்டிருக்கும் அணைமேட்டில் கரைகள் உறுதியாக நிற்க. தங்கள் மனையில் அனைவரும் இனிது வாழ்க. இவ்விடம் நலம் என்று அடுத்து எழுதுவது முறை. இன்று அதை எழுதக் கை வரவில்லை.

தங்கள் கூற்றத்துப் படகுத்துறையில் நேற்று ஒரு கேடு விளைந்தது. விளைவித்தவன் நான். படி கேட்கும் மனுக்களை விசாரிக்கும் ஆய்வவை கூடியபோது முரசறையச் சைகை காட்டினேன். எந்த விதியும் அதைக் கேட்கவில்லை. பார்க்க எடுப்பாக இருக்குமே என்று தோன்றியது, அவ்வளவுதான்.

நெடுங்கோடன் என்பவர் அத்துறையில் படகு கட்டியவர். ஒரு காய்ச்சல் வந்து இடுப்புக்குக் கீழே உணர்வைக் கொண்டுபோயிற்று. விழுங்குவதும் அவருக்குப் பெரும்பாடு. அவருக்கு ஊன்றுபடி நெல்லும், அவரை விட்டு அகலாது பேணும் மனைவி அல்லியாளுக்குத் துணைப்படி நெல்லும், அணைப்பணியிலிருந்து விலக்கும் கேட்டு மனு வரைந்து கொடுத்தவன் அடியேன். கணவருக்கு என்னென்ன செய்கிறாய் என்று அவளைக் கேட்டேன். ஒன்றுமில்லை ஐயா, சும்மா வீட்டில்தான் இருக்கிறேன் என்றாள். இதைச் சொல்லிக்கொண்டே அவரைப் புரட்டிப் படுக்கவைத்தாள், துணி மாற்றினாள், தன் தோளை அவர் முதுகுக்கு முட்டுக் கொடுத்து உட்காரவைத்தாள், சங்கில் கஞ்சி புகட்டினாள், புரையேறியபோது கவிழ்த்துத் தட்டினாள். சும்மா இருப்பது இத்தனை வேலை என்று அன்றுதான் அறிந்தேன். கண்டதை எல்லாம் எழுதினேன். அதுவரை ஒழுங்காகத்தான் இருந்தேன்.

அரசமுரசு முழங்கும்போது நம் நாட்டில் எவரும் அமர்ந்திருப்பதில்லை என்பது தாங்கள் அறிந்ததே. முதல் அடி விழுந்ததும் நெடுங்கோடன் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அவள் குந்தினாள், அவர் கைகள் இரண்டையும் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள், எழுந்தாள். முரசோடு ஓதும் அரசியாரின் பட்டப்பெயர்கள் தீரும்வரை அப்படியே நின்றார்கள். அந்தப் பெயர்களில் பாதி நான் கட்டியவை. ஒவ்வொன்றும் அன்று எனக்கு ஒரு காதம் நீண்டது.

எழுந்து நின்றார் என்று கணக்கர் பதிந்தார். அவைத்தலைவர் மரியாதைக்கு நலம் விசாரிக்க, நெடுங்கோடனும் மரியாதைக்குத் தங்கள் அருளால் நலமே என்றார். அதையும் கணக்கர் பதிந்தார். மனு தள்ளுபடி. நிற்பவருக்குத் துணை எதற்கு என்றும், அல்லியாள் இன்று கழிந்து நாளை விடியலில் அணைப்பணிக்கு வந்து சேர வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று.

ஐயா, அவர்கள் குடிசை கரைக்கு உள்பக்கம், பள்ளத்தில் இருக்கிறது. மலையில் மழை விடவில்லை. வாசற்படியை நீர் நக்கிவிட்டுப் போவதை என் கண்ணால் கண்டேன். நேற்று மாலை நான் போனபோது அல்லியாள் கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். கட்டிலை நடுத்தூணோடு பிணைக்கச் சொல்லியிருக்கிறார் கணவர். தண்ணீர் வந்தால் தான் மிதந்து போய்விடாமல் இருக்கவாம். படகு கட்டினவனைத் தேடித் தண்ணீர் வீட்டுக்கே வருவது மரியாதைதானே அமைச்சரே என்று என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். வேடிக்கை பேசியே சோறு தின்பவன் நான்; எனக்குச் சிரிப்பு வரவில்லை. அல்லியாள் என் பக்கம் திரும்பவே இல்லை. முடிச்சு இறுகுகிறதா என்று இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

அங்கிருந்து ஓடினேன். என் உடல்வாகுக்கு அதை ஓட்டம் என்று எழுதுவது மிகை. கணக்கர், எழுதியதை அழிக்கத் தமக்கு அதிகாரமில்லை, அவைத்தலைவரைக் கண்டால் பார்க்கலாம் என்றார். அவைத்தலைவர், வரும் ஆண்டு மறுபடி மனுச் செய்யட்டும், பார்க்கலாம் என்றார். வரும் ஆண்டு மனுச் செய்ய ஆள் இருக்க வேண்டுமே என்றேன். அதற்கும் பார்க்கலாம் என்றார். எல்லாரும் பார்க்கலாம் என்கிறார்கள். குடிசையை வந்து பார்த்தவர் ஒருவருமில்லை.

இனி மிஞ்சியிருப்பவர் ஆய்வவையின் மருத்துவத் தலைவி ஆதிரைப்பிராட்டியார். ஆய்வரான மருத்துவர் சொல் கணக்கர் பதிவை வெல்லும் என்பது விதி. மனுவுக்குத் துணைநின்றவன் கேட்டாலன்றி ஆய்வர் வாய் திறக்கலாகாது என்பதும் விதி. துணைநின்றவன் நானே. அவையிலேயே கேட்டிருக்க வேண்டும். பிராட்டியாரும் ‘நெடுங்கோடன் நின்றார்’ என்று சொல்லிவிட்டால் போக வேறு வாசல் இல்லையே என்ற நடுக்கத்தில், முகத்தில் ஒரு சிரிப்பை மாட்டிக்கொண்டு வாளாவிருந்தேன். இப்போது பிராட்டியார் வீட்டுத் திண்ணையில் மழைக்கு ஒதுங்கி, ஓலையை முழங்காலில் வைத்து எழுதுகிறேன். எழுத்துக் கோணியிருந்தால் எழுத்தாணி மீது குற்றமில்லை.

அவர் விடை நமக்கு ஆகாததாயின் இவ்வோலை தங்களை அடையாது. நானே அந்தக் கட்டிலருகே போய் உட்காருவேன். ஆகுமாயின், அரசியார் பெயரால் ஆணை இது: அல்லியாள் பெயர் அணைப்பணியினின்று இன்றே நீங்குக. ஊன்றுபடியும் துணைப்படியும் தடையின்றி அளக்கப்படுக. இதைக் கண்டவுடன் தங்கள் காவற்படகு ஒன்று புறப்பட்டு, பொழுது சாயுமுன் இருவரையும் மேட்டுச் சத்திரத்தில் சேர்ப்பிக்க. இனி எக்காலத்தும் ஆய்வவையில் முரசு முழங்காதிருக்க.

இனி வரும் வரிகள் அவரைக் கேட்டபின் எழுதியவை.

பிராட்டியார் வேர் நறுக்கிக்கொண்டிருந்தார். மழையைப் பற்றிப் பேசினேன், வேரைப் பற்றிப் பேசினேன், அவர் பேரப்பிள்ளைகளின் பல்லைப் பற்றியும் பேசினேன். வந்த காரியம் என்ன என்றார். கடைசியில் கேட்டேன்: நெடுங்கோடன் நின்றாரா?

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“இல்லை. அவர் பாதம் பாயில் பதியவே இல்லை. விரல்கள் மடங்கித் தொங்கின. நின்றது அவள், இரண்டு பேருக்குமாக. எழுதிக்கொள்ளும்.”

எழுதிக்கொண்டேன். அவரது முத்திரை மேலும், எனது அதன் கீழும் பதிந்தன.