பிள்ளைகள்: இல்லை

ஜூலை 8, 2025

காலை முழுவதும் மழை. அலுவலகத்துக்கு வந்தது தலையாரி சின்னுசாமியும் அவர் குடையும்தான். சாயங்காலம் சிக்னல் வந்ததும், இணையக் கலைக்களஞ்சியத்தில் ஹங்கேரிய எழுத்தாளர் கெரெகெஷ் போர்பாலா பற்றிய என் கட்டுரையில் அவருடைய மூன்றாவது நாவல் பற்றி ஒரு பத்தி சேர்த்தேன்.

ஹங்கேரியில் குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். நம் இனிஷியலை விரித்து எழுதினால் வருவது போலத்தான். ஆங்கிலக்காரர்கள் அதைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். நான் போடவில்லை. இதற்காகவாவது அந்நாட்டு அரசு எனக்கு ஒரு பொன்னாடை அனுப்பலாம்.

சேலத்துப் பழைய புத்தகக் கடையில் இவருடைய நாவல் ஒன்று ஆங்கிலத்தில் கிடைத்தது. வெள்ளம் கொண்டுபோன கிராமத்தை அளக்க ஒரு சர்வேயர் வருகிறார். இல்லாத வயல்களுக்கு எண் கொடுத்துக்கொண்டே போகிறார். பல வருடமாகக் கிராம நிர்வாக அலுவலராக இருப்பவனிடம் இதைக் கற்பனை என்று சொன்னால் எப்படி நம்புவான்? அந்தக் கலைக்களஞ்சியத்தில் தமிழில் இவருக்குக் கட்டுரை இருக்கவில்லை. போன வருடம் நான் எழுதினேன். வாசகர்கள் மாதத்துக்கு நான்கு பேர். அதில் மூன்று பேர் நான்.

ஜூலை 10

சின்னுசாமி என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், இந்தம்மா என்ன ஆளுங்க?"

"எழுத்தாளர்."

"அது தொழிலுங்க. நான் ஆளக் கேட்டேன்."

தெரியாது, கட்டுரையின் ஓரத்தில் விவரங்களைக் கட்டம் கட்டமாகப் போடும் தகவற்பெட்டியில் அதற்கு இடமும் இல்லை என்றேன்.

"அப்பறம் என்னங்க அது தகவலு?"

ஜூலை 19

கெரெகெஷ் போர்பாலா காலமானார். எண்பத்தொன்பது வயது. எங்கள் மலையில், இந்தக் குண்டூர் நாட்டில், இறப்பைப் பதிவது என் வேலை. கலைக்களஞ்சியத்திலும் நானே பதிந்தேன், யாரும் முந்தவில்லை. "எழுதி வருகிறார்" என்பதை "எழுதினார்" என்று மாற்றுவதற்கு முன் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். ஒரு முறைகூடப் பார்க்காத மனுஷிக்கு.

ஜூலை 24

பூங்குழலி என் கட்டுரையில் ஒரு மேற்கோள், அதாவது தகவலுக்கு ஆதாரம், சேர்த்திருக்கிறார். ராசிபுரத்தில் பள்ளி ஆசிரியை, கலைக்களஞ்சியத்தில் நிருவாகி. நேரில் பார்த்ததில்லை, போனில் பேசுவதுண்டு. தகவற்பெட்டியில் "பிள்ளைகள்: இல்லை" என்று இருக்கும் இடத்தில் புடாபெஸ்ட் நாளிதழின் இரங்கல் குறிப்பை இணைத்திருக்கிறார். அதிலும் அப்படியேதான் இருக்கிறதாம்.

நான் எழுதிய வரிக்கு ஐரோப்பாவிலிருந்து சாட்சி. இரண்டு முறை திறந்து பார்த்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 3

எங்கள் மலையில் ஓரி மன்னன் விழா. அமைச்சர் வரும் வழியெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட வைத்தேன். இன்று என்னால் ஆன இலக்கியப் பணி அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 6

கட்டுரையைப் பற்றி வாசகர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் ஒரு செய்தி. இயந்திரத் தமிழ்.

"வணக்கம். நான் யூதித். சேகத் நகரத்தில் பல் மருத்துவர் வரவேற்பில் வேலை செய்கிறது. போர்பாலா என் தாய் ஆகும். உங்கள் பக்கம் குழந்தைகள் இல்லை என்று சொல்கிறது. நான் இருக்கிறேன். அக்டோபரில் நகர மன்றம் என் தாயின் வீட்டில் நினைவுக் கல் வைக்கும். கல்லில் 'சந்ததி இல்லை' என்று எழுதும். அவர்கள் கலைக்களஞ்சியத்தை நம்புகிறது. தயவுசெய்து நீக்கவும்."

விதிப்படி பதில் எழுதினேன்: தங்கள் கூற்றுக்கு வெளியிடப்பட்ட, நம்பகமான மேற்கோள் தேவை.

"நான் இருக்கிறேன்" என்றவரிடம் மேற்கோள் கேட்டிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி படித்தபோதுதான் உறைத்தது.

ஆகஸ்ட் 7

யூதித் தன் பிறப்புச் சான்றிதழை அனுப்பினார். முத்திரையெல்லாம் சுத்தமாக இருக்கிறது. என் அலுவலகத்துக்கு வந்திருந்தால் உட்கார வைத்து டீ சொல்லியிருப்பேன். கலைக்களஞ்சியத்தில் செல்லாது, அச்சில் வெளியான ஆவணம் இல்லை.

கீழே ஒரு கேள்வி: "நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள்?"

நியாயமான கேள்விதானே. கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் முதல் நாள்வரை போய்ப் பார்த்தேன். எந்த நூலும் இல்லை, எந்த இதழும் இல்லை. நான்தான்.

எங்கள் அலுவலகத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. விட்டால் பின்னால் யாராவது எதையாவது நிரப்பிவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த வருடம், காலிக் கட்டத்தோடு போன என் கோப்பைத் தாசில்தார் ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார். அன்றிலிருந்து, தெரியாததற்கெல்லாம் கை தானாக "இல்லை" என்று போட்டுவிடும். போர்பாலாவுக்கும் போட்டிருக்கிறது. சமயம்: இல்லை. விருதுகள்: இல்லை. பிள்ளைகள்: இல்லை. விருதுகளைப் பிறகு ஒருவர் வந்து திருத்தினார். பிள்ளைகளைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை.

தமிழிலிருந்து எல்லா மொழிகளுக்கும் பொதுவான தரவுக் கிடங்குக்கு ஒரு கணினி நிரல் அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அங்கிருந்து நாளிதழுக்கு. நாளிதழிலிருந்து என் கட்டுரைக்கே மேற்கோளாகத் திரும்பி வந்திருக்கிறது, பட்டணம் போய்ப் படித்துவிட்டு வந்தது மாதிரி.

ஆகஸ்ட் 8

அந்த வரியை நீக்கினேன். கொஞ்ச நேரத்தில் பூங்குழலி அதைப் பழையபடி மீட்டுவிட்டார்: "மேற்கோளுள்ள தகவலை நீக்க வேண்டாம்." போன் செய்தேன்.

"சார், பேப்பர்லயே வந்திருக்குதுங்களே."

"அவங்க என்கிட்ட இருந்துதான் எடுத்தாங்க."

"அதுக்கு மேற்கோள் இருக்குங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு வரவில்லை.

"எனக்குப் புரியுதுங்க சார். அந்தம்மா பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லல. ஆனா நாளைக்கு ஒரு கட்சிக்காரர் வந்து, எங்க தலைவருக்கு ரெண்டாவது சம்சாரமே கெடயாதுங்க, நான் சொல்றேன் நீக்குங்கம்பாரு. அவரையும் நம்பி நீக்கட்டுங்களா?"

மூன்று வருடம் முன்னால் இதே விதிக்கு ஆதரவாக நீளமாக எழுதி, எல்லோரையும் ஒத்துக்கொள்ள வைத்தவன் நான்.

ஆகஸ்ட் 14

மாராயியின் வாரிசுச் சான்றுக்கு விசாரணை. தகப்பனார் மாரப்பன் போன மாதம் இறந்தார். பள்ளிச் சான்றிதழ் கிடையாது, ஆதாரில் புருஷன் பெயர்தான் இருக்கிறது. வழக்கம்போல அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். எதிர் வீட்டுப் பெருமாயி மிளகுக் கொடிக்கு வெயில் படும்படி நிழல் மரத்தின் கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார். மாராயி யார் மகள் என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி சாமி? அவ நடையப் பாத்தாவே தெரியலீங்களா? அப்பன மாதிரியே முன்னால சாஞ்சுதான் நடப்பா. ரெண்டு பேரும் போனா, என்னமோ தொலைச்சிட்டுத் தேடுற மாதிரி இருக்கும்."

எழுதிக்கொண்டேன். இன்னும் சிலர் கையெழுத்துப் போட்டார்கள். மாராயி மாரப்பனின் மகள் ஆனார், இனி அரசாங்கக் கணக்கிலும்.

திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் இருந்த சின்னுசாமியிடம் யூதித் விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்குப் போயி ஏனுங்க மண்டயப் போட்டு ஒடைக்கறீங்க? அந்தூருக்குப் போனு போட்டு, பக்கத்து ஊட்டுக்காரங்களக் கேட்டா ஆச்சு."

"அது செல்லாது சின்னுசாமி. அச்சில் வந்திருக்கணும்."

"அச்சுல வந்தவன் பொய் சொல்ல மாட்டானுங்களா?"

வண்டியை மெதுவாக ஓட்டினேன். வளைவுகள் அதிகம்.

ஆகஸ்ட் 20

புடாபெஸ்ட் நாளிதழுக்கு ஆங்கிலத்தில் கடிதம். அந்த வரியை ஆதாரமில்லாமல் எழுதியவன் நான், தமிழ்நாட்டில் ஒரு மலையில் கிராம நிர்வாக அலுவலர், காலிக் கட்டங்களை நிரப்பும் பழக்கம் உள்ளவன். இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும் என்று கேட்டேன். அதை மேற்கோளாக வைத்து நான் சரிசெய்துவிடுவேன்.

செப்டம்பர் 1

பதில் வந்தது. என் கடிதம் மிகவும் சுவையாக இருந்ததாம், அலுவலகத்தில் எல்லோரும் படித்தார்களாம். ஆனால் ஒரு இந்திய அதிகாரியின் சொல்லை வைத்து ஹங்கேரிய எழுத்தாளருக்கு மகள் உண்டு என்று எழுத முடியாது. மகளே பேசினால் ஞாயிறு இதழில் முழுப் பக்கம் தருகிறார்கள். புகைப்படத்துடன்.

யூதித்துக்கும் எழுதிவிட்டார்கள்.

செப்டம்பர் 4

யூதித்தின் செய்தி. இந்த முறை நீளம். இயந்திரத் தமிழை என் தமிழில் எழுதிக்கொள்கிறேன்:

அம்மா என்னை ஒரு குழந்தைகள் இல்லத்தில் விட்டுவிட்டு எழுதப் போனாள். திரும்பி வரவில்லை. நான் பெரியவளானதும் நானே போய்ப் பார்த்தேன். அதன் பிறகு வருடத்துக்கு ஒரு முறை சந்திப்போம், காபி குடிப்போம். இதை அவளும் யாரிடமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேருக்கு நடுவில் இருந்தது இது மட்டும்தான். அவளைக் கெட்டவள் என்று ஊர் பேச வேண்டாம். என் பெயரைப் போட வேண்டாம். நான் இல்லை என்று எழுதாமல் இருந்தால் போதும். நீங்கள் அதிகாரி. நான் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்.

என்னத்தச் சொல்ல? கல்லில் வெட்டப் போகிறார்கள். வாயைத் திறந்தால் ஊர் சிரிக்கும், திறக்காவிட்டால் கல் பேசும். ஒரு பொம்பளையை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது யார்? நான்தானே, உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஒரே ஒரு சொல்லில். அதுவும் பழக்கதோஷத்தில்! பதில் எழுதினேன், அழித்தேன். எழுதினேன் — அழித்தேன்.

செப்டம்பர் 5

எழுதியது: "பேட்டி தர வேண்டாம். நான் வேறு வழி பார்க்கிறேன்."

வேறு வழி எதுவும் தெரியாமல்தான் அப்படி எழுதினேன். மனுக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிப்போன வாக்கியம்.

செப்டம்பர் 17

கல் வைக்கப்போகும் நகர மன்றத்துக்கு மூன்றாவது கடிதம். பதில் இல்லை. நான் இங்கே மனுக்களை எப்படி வைத்திருக்கிறேன் என்று மேசையைப் பார்த்தேன். கோபப்பட எனக்குத் தகுதி இல்லை.

அக்டோபர் 5

யூதித் பேசிவிட்டார். ஞாயிறு இதழில் முழுப் பக்கம். தலைப்பு, "அவள் எழுதாமல் விட்ட அத்தியாயம்". இதை யோசித்தவர் அன்று நன்றாகத் தூங்கியிருப்பார். புகைப்படத்தில் யூதித் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நிற்கிறார். யாரோ நிற்கச் சொன்ன இடம் அது.

கல்லில் அந்த வரி வராதாம். ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல வேண்டும்.

அக்டோபர் 9

பூங்குழலி கட்டுரையை விரிவாக்கியிருக்கிறார். "பிள்ளைகள்: 1." கீழே "தனி வாழ்க்கை" என்று ஒரு பகுதி: நான்கு வயது மகளை இல்லத்தில் சேர்த்தது, பார்க்கப் போகாதது, எல்லாம் வரிக்கு வரி மேற்கோளுடன். குறை சொல்ல இடமில்லை. கலைக்களஞ்சியத்தின் முதற்பக்கக் கட்டுரையாகப் பரிந்துரைத்திருக்கிறார். போன் செய்து, "உங்க முயற்சிதாங்க சார், வாழ்த்துகள்" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

அக்டோபர் 16

முதற்பக்கத்தில் வந்துவிட்டது. ஒரே நாளில் வந்த வாசகர்கள் அதற்கு முன் மொத்தமாக வந்தவர்களைவிட அதிகம். நாவல்கள் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. சின்னுசாமிகூடப் போனில் படித்துவிட்டார்.

"ஏஞ்சார், பெத்த புள்ளய உட்டுட்டா போச்சு அந்தம்மா?"

"நல்லா எழுதுவாங்க சின்னுசாமி."

"அது சரிங்க," என்றார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்னும் ஏதாவது கேட்டிருக்கலாம்.

நவம்பர் 2

பேச்சுப் பக்கத்தில் யூதித். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"ஒரு பிழை. நாளிதழ் நான்கு வயது என்று எழுதியது. ஐந்து வயது. நான்கு என்றால் எனக்கு நினைவு இருக்காது. எனக்கு அவள் அறை நினைவு இருக்கிறது. ஜன்னல் பக்கம் மேசை. அவள் எழுதும்போது நான் மேசைக்குக் கீழே இருப்பேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை என் முதுகில் வைத்துக்கொள்வாள். குளிருக்கு."

நாளிதழில் நான்கு என்றுதான் இருக்கிறது. திருத்தம் போடமாட்டார்கள். போடச் சொல்லி அவரை இன்னொரு முறை பேச வைக்க நான் தயாராக இல்லை.

ஐந்து என்று மாற்றினேன். மேற்கோள் வைக்கவில்லை. என்ன காரணத்துக்காக மாற்றுகிறீர்கள் என்று கேட்கும் இடத்தில் "விசாரித்து எழுதியது" என்று போட்டேன்.

சற்று முன் பூங்குழலி பழையபடி நான்கு என்று மீட்டுவிட்டார். மறுபடி ஐந்து என்று மாற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.