வெளுத்த படம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் சுகம்தான்; கோபம்தான் தலைக்கேறி நிற்கிறது.

நேற்று எங்கள் ஸ்டுடியோவுக்கு ஒரு நர்ஸம்மா வந்தார். என்னைப் போலவே நல்ல கறுப்பு. சீருடையோ பளீர் வெள்ளை. பெரிய கேமராவில் ஒன்றுக்கு இரண்டாக ஃபிலிம் எடுத்தேன். முகம் இருண்டுவிடாதபடி வெளிச்சத்தைக் கூடுதலாக விட்டேன்; சீருடை வெளிறாதபடி முதல் ஃபிலிமை மருந்தில் குறைந்த நேரமே கழுவினேன். கண்ணோரச் சுருக்கமும் தெரிந்தது, சட்டை மடிப்பும் தெரிந்தது.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "இவ்ளோ கறுப்பா குடுத்தா திரும்ப வருவாங்களா?" என்று இன்னொரு ஃபிலிமை மருந்திலேயே ஊறப்போட்டார். அதிலிருந்து போட்ட படத்தில் முகம் வெளுத்தது, சீருடை சுண்ணாம்புச் சுவராகிவிட்டது. அதைத்தான் நர்ஸம்மாவிடம் நீட்டினார். அவர் என்னைப் பார்த்து, "இது யாரும்மா?" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கல்யாணத் தரகரிடம் நீங்கள் கொடுத்த என் படமும் இப்படி வெளுத்ததுதானே, அம்மா? அதைத் திருப்பி வாங்குங்கள். என் நிறத்திலேயே ஒரு படம் இதோடு வைத்திருக்கிறேன்.

தலையணையில் சுற்ற உங்கள் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள், துவைக்க வேண்டாம். தபால்காரர் வந்துவிட்டார், முடிக்கிறேன். வெளுத்த படத்தைப் பார்த்து எவனாவது சரி சொல்லியிருந்தால், அந்தப் படத்தையே கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் கறுப்பி