உடைந்த மூலை

என்னங்க,

இந்தக் கடிதத்தை இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நான் வரைந்த சர்க்யூட்டைச் செம்பு பூசிய தகட்டில் தேய்த்துப் பதித்த பெட்டி. இனி உங்கள் சட்டையை நீங்களே தேய்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று கம்பெனி விழாவில், தொட்டி நிரம்பினால் மோட்டாரை அணைக்கும் போர்டைத் தூக்கிக் காட்டி, "டிசைன் முழுக்க நான்தான். காபி போட்டுக் கொடுத்தது இவங்க" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். செம்பை அரிக்கும் ஃபெர்ரிக் குளோரைடின் கறை படிந்த விரல்களை நான் முந்தானையில் மறைத்துக்கொண்டேன். எனக்கு எதற்கு வெட்கம்?

நம் மல்காஜ்கிரி வீட்டுப் பால்கனியில் நான் அறுக்கும்போது அந்தத் தகட்டின் மூலை உடைந்தது. வேறு வாங்கிவர கோட்டி கடைத்தெருவுக்குப் போக உங்களுக்கு நேரமில்லை. அதனால் உடைந்த இடத்தைச் சுற்றி, மின்சாரம் ஓடும் கோடு ஒன்றை வளைத்து, கம்ப்யூட்டரில் மறுபடி வரைந்தேன். அந்தப் படத்தைத்தான் என்னைக் கேட்காமல் எடுத்துப் போயிருக்கிறீர்கள். ஃபாக்டரியில் செய்த போர்டுகளில் எந்த மூலையும் உடையவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றிலும் அந்தக் கோடு எதற்கென்றே தெரியாமல் வளைந்து போகிறது.

"இது ஏன் இப்படிச் சுத்திப் போகுது?" என்று விழாவில் உங்கள் மேனேஜர் கேட்டார். திங்கட்கிழமை விளக்குவதாகச் சொன்னீர்கள்.

விளக்குங்கள். எனக்குப் போன் செய்யாதீர்கள். காபி போட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
காபி போட்டுக் கொடுத்தவள்