விருந்தினர் இருக்கும்வரை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இரண்டே வரி. வெள்ளிக்கிழமை வருகிறாய், நான்கு நாள் இருப்பாய். நான் கோபித்துக்கொண்டு கிளம்பி வந்த இந்த இரண்டு வருடத்தில் முதல் முறையாக உன் கையெழுத்து. மடித்தேன். பிரித்தேன். மறுபடி மடித்தேன்.

நீ வருவதற்குள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

விடுதியில் வேலை என்று எழுதியிருந்தேன். விடுதி இல்லை, கடலைப் பார்த்த ஒரு வீடு. அவசரமில்லாமல் ஊர் பார்க்க வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். பழைய முறையில் வாழும் குடும்பத்தோடு இருக்கலாம் என்பது விளம்பரம். அவர்கள் வருமுன் சாப்பாட்டு மேசையை மாடிக்கு ஏற்றிவிட்டுப் பாய் விரிப்போம். போனதும் இறக்குவோம். அவர்கள் கடற்கரைக்குப் போன பிறகுதான் மிக்சி ஓடும். அவர்கள் மெதுவாக இருப்பதற்காக நாங்கள் நாள் முழுக்க ஓடுகிறோம். இப்போது இருப்பவர் ஓய்வுபெற்ற பொறியாளர். எவ்வளவு நேரம் சும்மா இருந்தார் என்று கடிகாரம் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்கிறார்.

அந்தக் குடும்பத்தில் நான் மகள்.

வீட்டுக்காரம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. முதல் வாரம் அவரைக் கூப்பிட எனக்கு வாயே வரவில்லை. “என்னடி, ஆபீசர்கிட்ட மனு குடுக்கற மாதிரி நிக்கிற? வாய் நிறைய அம்மான்னு கூப்பிடு” என்றார். கூப்பிட்டேன். விருந்தினர் எதிரில் மட்டும்தானே, வேலைதானே என்று நினைத்தேன்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். மதியம். விருந்தினர் யாரும் இல்லை, மேசை கீழேதான் இருந்தது. தூக்கத்தில் அம்மா என்று கூப்பிட்டிருக்கிறேன். ஈரக் கையோடு அவர் ஓடி வந்து நெற்றியைத் தொட்டார். பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. கையை எடுத்துக்கொண்டு, வெந்நீர் வேண்டுமா என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

நான் கூப்பிட்டது உன்னை. அதை அவரிடம் சொல்லவில்லை.

மாலையில் விருந்தினரோடு உட்கார்ந்து கடல் பார்ப்பதும் என் வேலைதான். விடுமுறையில் தனியாகப் போய்ப் பார்த்தாலும் வேலை செய்வது போலவே இருக்கிறது. எழுந்து வந்துவிடுவேன்.

உன் கடிதத்தை வீட்டுக்காரம்மாவிடம் காட்டினேன். சந்தோஷப்பட்டார். உன் முழங்கால் வலிக்கு எந்த அறை தோது என்றெல்லாம் கேட்டார். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டே, “ஆளுங்க இருக்காங்களேம்மா. உங்கம்மாவைப் பெரியம்மான்னு சொல்லிக்கலாம். நாலு நாள்தானே, என்ன குறைஞ்சிடப் போகுது?” என்றார்.

தலையாட்டிவிட்டேன். அம்மா, நான் தலையாட்டிவிட்டேன்.

ஒரு வாரம் தள்ளி வா, அப்போது வீடு காலி என்று உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமையே வா. பேருந்து நிலையத்தில் நிற்பேன். பொறியாளர் எதிரிலேயே உன்னை அம்மா என்று கூப்பிடுவேன். அதற்குமுன் வீட்டுக்காரம்மாவிடம் சொல்ல வேண்டும். அவர் திட்டினால் தாங்கிக்கொள்வேன். திட்டமாட்டார், அதுதான் பயமாக இருக்கிறது. அதன்பின் இந்த வீட்டில் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

காலை நீட்டி உட்கார முன் இருக்கையாகக் கேட்டு வாங்கு. திரும்பிப் போகிற டிக்கெட்டை மட்டும் இப்போதே எடுத்துவிடாதே. எத்தனை எடுப்பது என்று இங்கே வந்து பார்த்துக்கொள்வோம்.

உன் மகள்