எலி மருந்தின் பெயர்

தாப்பா,
4.9.1978

கெர்ட்ரூட்டுக்கு அண்ணன் ஆம்புரோஸ் எழுதுவது. உன் நலம் கேட்க எழுதவில்லை.

ஞாயிறன்று சிலிபினில் உன் வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் மாத்திரை உறையைப் பார்த்தேன். வார்ஃபரின் என்று போட்டிருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் ஆறு வருடமாக நான் எலிக்கு வைக்கிற மருந்திலும் அதே பெயர்தான். தின்ற எலி உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசிந்து சாகும். பெற்ற தகப்பனுக்கு அதைத் தினமும் கொடுக்கிறாய். கிளினிக்கில் வேலை பார்க்கிற திமிர் உனக்கு. உடனே நிறுத்து.

ஆம்புரோஸ்

சிலிபின்,
11.9.1978

அண்ணனுக்கு,

திமிர் யாருக்கு என்று பிறகு பார்ப்போம். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பெட்ரீசியாவிடமே கேட்டேன். அந்தப் பெயருக்கும் எலிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பழைய மாணவர்களின் அறக்கட்டளைதான் ஆராய்ச்சிக்குப் பணம் தந்ததாம். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் நான்கும் சேர்ந்து 'வார்ஃப்'. மீதி, கூமரின் என்ற பொருளின் பெயரிலிருந்து வந்தது. முதலில் எலிக்குத்தான் விற்றார்கள், ஒத்துக்கொள்கிறேன். அப்பாவின் இதயத்தில் இரத்தம் கட்டாமலிருக்க இம்மியளவு கொடுக்கிறார்கள். மாதாமாதம் இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். நிறுத்தினால் வாதம் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

டிசம்பரில் அப்பா அங்கே வருவார். மாத்திரையும் கூடவே வரும். வேளை தவறக்கூடாது.

கெர்ட்ரூட்

தாப்பா,
29.12.1978

கெர்ட்ரூட்டுக்கு,

பெயர் வைத்தவன் எவனாக இருந்தால் எனக்கென்ன? செத்த எலியை அள்ளுகிறவன் நான். உன் மாத்திரையை அப்பா வந்த அன்றே கக்கூஸில் கொட்டிவிட்டேன். "பாப்பா ஏசும்லா" என்று உன்னைச் சொல்லி முனகினார். ஒரு சத்தம் போட்டேன், அடங்கிவிட்டார். இரண்டு வாரமாக நன்றாகச் சாப்பிடுகிறார், மாதா கோயிலுக்கு நடந்தே போகிறார். அடுத்த வாரம் பஸ் ஏற்றி விடுகிறேன். இனி ஒரு மாத்திரை கொடுத்தாலும் போலீசுக்குப் போவேன்.

ஆம்புரோஸ்

சிலிபின்,
20.1.1979

அண்ணனுக்கு,

அப்பா வந்ததுமே மாத்திரையை மறுபடி தொடங்கினேன். அது பிடிக்கும் முன்பே, பஸ்ஸிலிருந்து இறங்கிய மூன்றாம் நாள் அவருக்கு வாதம் வந்துவிட்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு இல்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

"மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டர் கேட்டார். உங்கள் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா இடது கையால் என் விரலை இறுக்கிப் பிடித்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "அவரே மறந்துட்டாரு டாக்டர்" என்றேன். டாக்டர் அவரைத்தான் ஏசினார். அப்பா கேட்டுக்கொண்டு கிடந்தார்.

நீங்கள் பயந்துதான் செய்தீர்கள் என்று தெரியும். இருந்தும் மன்னிக்க மனம் வரவில்லை.

அப்பா வாசலையே பார்க்கிறார், வந்துவிட்டுப் போங்கள். வருகிற நேரத்தைப் பெட்ரீசியாவிடம் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் நான் அங்கே இருக்க மாட்டேன்.

கெர்ட்ரூட்