வெளியே தெரிய வேண்டிய பக்கம்

மார்ச் 4
எங்கள் தொழிற்சாலையின் வரலாற்றில் இன்று பொன்னாள். ஒன்பது பேர் கொண்ட குழு இரண்டே முக்கால் மணி நேரம் கூடி, விமானத்தின் முன்சக்கர டயர்களில் நிறுவனத்தின் பெயரை வெள்ளை எழுத்தில் போடுவதென்று ஒருமனதாகத் தீர்மானித்தது. மஞ்சள்தான் வேண்டுமென்று ஒருவர் நின்றார். தேநீருக்குப் பிறகு அவரும் மனம் மாறினார்.

மார்ச் 9
எழுத்து வந்துவிட்டது. அழகு. ஒரே சங்கடம். டயரின் ஒரு பக்கத்தில் விரல் தடிமனுக்கு ரப்பர் விளிம்பு ஓடுகிறது. மூன்று வருடம் மல்லுக்கட்டி நான் வரைந்தது. ஈர ஓடுதளத்தில் டயர் வாரியடிக்கும் தண்ணீரை அது தாழ்வாக வெளியே தள்ளிவிடும். இல்லாவிட்டால் தண்ணீர் மேலெழும்பி, வால்பக்கத்து இரண்டு இன்ஜின்களின் வாய்க்குள்ளும் போகும். விளிம்புள்ள பக்கத்தில் எழுத்துக்கு இடமில்லை என்று மறுபக்கத்தில் போட்டிருக்கிறார்கள். விளிம்பு வெளியே இருக்கும்படி மாட்டினால் எழுத்து உட்புறம் போய்விடும். இரண்டு சக்கரங்களும் ஒன்றையொன்று படித்துக்கொள்ளலாம்.

மார்ச் 10
மேலாளர் தீர்வு கண்டுவிட்டார்: டயரைத் திருப்பி மாட்டு. வெள்ளிக்கிழமை ஈர ஓடுதளச் சோதனை ஓட்டத்துக்குப் புகைப்படக்காரர்கள் வருகிறார்களாம்.
ஃபிட்டர் தலையைச் சொறிந்தார். "இடது செருப்ப வலது கால்ல போட்ட மாதிரி இருக்குமே சார்."
தண்ணீர் இன்ஜினுக்குள் போகும் என்று நான் சொன்னேன். மேலாளர் என் தோளைத் தட்டினார். "பத்து செகண்ட் ஓட்டம்யா. அதுக்குள்ள எவ்வளவு குடிச்சிடப் போகுது?"
அறிவியல் இப்படித்தான் வளர்கிறது.

மார்ச் 11
‘டயர் சரியாகப் பொருத்தப்பட்டுள்ளது’ என்ற வரிக்கு எதிரே என் கையெழுத்து வேண்டுமாம். பதவி உயர்வுப் பட்டியல் திங்கட்கிழமை வருவதை மேலாளர் தற்செயலாக நினைவூட்டினார்.
பேனா நன்றாக எழுதியது.

மார்ச் 12
நாளை ஓட்டப்போவது அத்தான், அக்காவின் கணவர். சோதனை விமானி. சொல்லிவிடலாம் என்று மாலையில் போன் செய்தேன். அவரே முந்திக்கொண்டார். "படிவம் வந்துச்சு. உன் கையெழுத்து இருக்கு. அப்புறம் நான் எதுக்குக் குனிஞ்சு பாக்கணும்?"
சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைத்தேன்.
என்னை நானே கேட்டுக்கொண்டேன்: ஏன்டா சொல்லல? வாயில என்ன பூட்டா போட்டிருக்கு?

மார்ச் 13
காலை 10.20. விரலளவு தண்ணீர் தேக்கிய ஓடுதளத்தில் விமானம் பாய்ந்தது. சக்கரங்களுக்கு நடுவிலிருந்து தண்ணீர் வெள்ளைத் தூணாக எழுந்தது. இடது இன்ஜின் மூன்று முறை இருமி அணைந்தது. விமானம் இடப்பக்கம் திரும்பிப் புல்லைத் தாண்டி, வடிகாலில் மூக்கை நுழைத்தது. புகைப்படக்காரர்கள் எதையும் தவறவிடவில்லை.

மார்ச் 16
பட்டியலில் என் பெயர் இரண்டாவது. அத்தானைச் சேர்த்திருக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துப் படித்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். நகர்ந்து எனக்கு உட்கார இடம் விட்டாள்.

மார்ச் 30
விசாரணைக் குழு அறிக்கை தந்துவிட்டது. விபத்துக்குக் காரணம் தண்ணீர். குழுவில் ஏழு பேர்.

ஏப்ரல் 22
அத்தானின் கழுத்துப்பட்டையை இன்று கழற்றினார்கள். தலை இடப்பக்கம் திரும்பவில்லை. விமானி உரிமத்தை அக்கா கொண்டுபோய் ஒப்படைத்தாள்.