குவித்து அளந்த சர்க்கரை

முத்துப்பேட்டை
7.9.1970

அன்புள்ள தங்கச்சி அம்சத்துக்கு,

மிட்டாய்க்கடை அப்துல் அஜீஸ் எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். திருச்சி ஜெயிலிலிருந்து உன் வீட்டுக்காரர் இராஜாங்கம் கடிதம் போட்டாரா? மிராசுதாரின் உபரி நிலத்தில் கொடி நட்டதற்கு இத்தனை நாளா உள்ளே வைப்பார்கள்!

நீ பஸ்ஸில் கொடுத்தனுப்பிய தேங்காய் பர்பி வந்தது. உள்ளதைச் சொல்கிறேன், கோபிக்காதே. விற்க முடியாது. எடுக்கும்போதே உதிர்கிறது, வாயில் போட்டால் மணல். நன்னிலம் பஸ் ஸ்டாண்டில் உன் தட்டிலிருந்து நான் வாங்கித் தின்றது வேறு சாமான் அம்மா. நான் ரயிலில் தகரப்பெட்டி தூக்கி விற்று மேலே வந்தவன். அந்த மாதிரி பர்பி என் கடையிலேயே போட்டதில்லை. அதனால்தான் விடாமல் கேட்கிறேன். எப்படிக் கிண்டினாய்? ஒன்று விடாமல் எழுது.

அப்துல் அஜீஸ்


நன்னிலம்
10.9.1970

பாய் அவர்களுக்கு அம்சம் எழுதிக்கொண்டது.

முகத்துக்காகப் பேசாமல் எழுதினீர்கள், சந்தோஷம். பஸ் ஸ்டாண்டுக்கு டம்ளர் கணக்கில் கிண்டினேன். கடைக்கு என்றதும் படிக்கு மாறினேன். நாலு தேங்காய்க்கு ஒரு படி சர்க்கரை. நன்றாகக் குவித்துத்தான் அளந்தேன். கூலி நெல்லைத் தலை தட்டாதே, குவித்து அள என்றுதானே இந்த நடவுக்கு ஒருத்தரும் வயலில் இறங்காமல் இருக்கிறோம்? நானே தலை தட்டலாமா?

மிராசுதாரின் காரியஸ்தர் சாரங்கபாணி தினமும் வாசலில் வந்து நிற்கிறார். "உனக்கு மட்டும் குவிச்சே அளக்கச் சொல்றேன், யாருக்கும் தெரிய வேணாம். அடுத்த வெள்ளிக்கிழமை வந்துடு" என்கிறார். பானையில் அரிசி இல்லை பாய். உங்கள் கடையும் இல்லையென்றால் நான் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கினால் ஜெயிலில் இருப்பவர் முகத்தில் எப்படி முழிப்பேன்?

அம்சம்


முத்துப்பேட்டை
13.9.1970

அன்புள்ள தங்கச்சிக்கு,

கோளாறு படியில்தான்! கூலிக்குக் குவி, ஒரு மணி விட்டுக்கொடுக்காதே. சர்க்கரைக்குத் தலை தட்டு. குவித்ததில் கால் படி கூடிப்போய்ப் பாகு பூத்து மணல் மணலாகிவிட்டது. அப்புறம், சட்டி ஓரத்தில் வெள்ளையாக ஒட்டுகிறதே, அதைச் சுரண்டி உள்ளே தள்ளியிருப்பாய். வீணாகிறதே என்று மனசு கேட்காது, எனக்குத் தெரியும். தள்ளாதே. ஈரத்துணியால் துடைத்துவிடு. பாகில் எலுமிச்சை நாலு சொட்டு விடு.

பேராவூரணித் தேங்காய் எட்டும் இரண்டு படி சர்க்கரையும் அனுப்புகிறேன். சாமான் சரியாக வந்தால் வாராவாரம் எடுப்பேன். பாவம் பார்த்து எடுக்க மாட்டேன். உனக்கும் அது பிடிக்காது.

அப்துல் அஜீஸ்


நன்னிலம்
19.9.1970

பாய் அவர்களுக்கு,

நேற்று வெள்ளிக்கிழமை விடிந்ததும் சாரங்கபாணி வந்துவிட்டார். "அம்சம், வண்டி நிக்குது, ஏறு" என்றார். நான் அப்போதுதான் சட்டியை இறக்கி வைத்து, பர்பியைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயம் கையை எடுத்தால் சட்டியிலேயே இறுகிவிடும் இல்லையா? நிமிராமலே, "இருங்க, இப்ப கையெடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே திக்கென்றது. அவரை எங்கள் தெருவில் யாரும் இருங்க என்று சொன்னதில்லை.

நின்றார் பாய். பளபளப்பு மங்குகிற வரை அடித்து, தட்டில் கொட்டி, தடவிவிட்டு நிமிர்ந்தேன். ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. ஊரில் ஒருத்தரும் இறங்கவில்லை.

இரண்டு டின் வருகிறது. மணல் என்றால் மணல் என்றே எழுதுங்கள்.

அம்சம்


முத்துப்பேட்டை
22.9.1970

அன்புள்ள தங்கச்சி அம்சத்துக்கு,

உதிரவில்லை. கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது. என் வீட்டில் மூன்று துண்டு தின்றுவிட்டு, "இது நம்ம கடைச் சரக்கு இல்லையே" என்றாள். என் மானம் போனது, போகட்டும். உன் கை பெரிய கை அம்மா. வாரம் நாலு டின் அனுப்பு. தேங்காய் நாளை பஸ்ஸில் வரும்.

ஒன்று மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய். அந்தக் காரியஸ்தர் எத்தனை நேரம் நின்றார்? கடையில் எல்லோரும் கேட்கிறார்கள்.

அப்துல் அஜீஸ்